மகளுக்கு வேண்டாம் என்ற பங்கு

கேள்வி: அண்ணாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கிறோம். வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. 2022 நவம்பரில் பெல் தொலைபேசிக் கம்பெனியின் (பிசிஇ) பங்கு 500, ஒன்று 64 டொலர்படி சாதாரண முதலீட்டுக் கணக்கில் வாங்கினேன். கிட்டத்தட்ட 6 வீதம் டிவிடெண்ட் (பங்குதாரருக்குக் கம்பெனி கொடுக்கும் காசு) வரும் என்பதுதான் காரணம். 2024 ஜூலையில் விலை 46க்கு இறங்கியபோது மலிவு என்று நினைத்து டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இன்னும் 200 வாங்கினேன். அந்தக் கணக்கில் வரும் டிவிடெண்டுக்குத் தானாகவே மேலும் பங்கு வாங்கும்படி விட்டிருக்கிறேன். இப்போது, 2025 அக்டோபர் கடைசியில், விலை 32ஐச் சுற்றி நிற்கிறது. டிவிடெண்டையும் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். "இந்த விலைக்கு என் கணக்கில் 300 வாங்குகிறேன், வாங்கிய சராசரி விலை இறங்கும்" என்கிறார் இவர். 2020 ஏப்ரலில் 85 டொலர்படி வாங்கிய ரோயல் வங்கிப் பங்கு 150 அதே சாதாரணக் கணக்கில் இருக்கிறது. அது 200ஐத் தாண்டிவிட்டது. அதை விற்று லாபத்தை எடுத்துவிட்டு, பெல் 64க்குத் திரும்பும்வரை வைத்திருக்கலாமா? இவை போக 40,000 டொலர் ஈடிஎஃப்பில் (பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதி) இருக்கிறது. இவருடைய சிநேகிதர் ஒருவர் சிறு கம்பெனிகளின் பங்கு விற்கும் வென்ச்சர் சந்தையில் ஒரு தங்கச் சுரங்கப் பங்கைச் சொல்கிறார். அது எப்படி? போன மாதம் மகள் (22 வயது, இப்போதுதான் வேலையில் சேர்ந்தாள்) தானும் பெல் வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதில்: அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகவே கதைக்கிறேன். உங்கள் கணக்குகள் முழுவதையும் நான் பார்க்கவில்லை. கடிதத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் நாலு கேள்விகள். கடைசி வரியில் அவற்றுக்கு ஒரு பதிலும் இருக்கிறது. அதை நீங்கள் பதில் என்று நினைத்து எழுதவில்லை, அவ்வளவுதான். மகளுக்கு வேண்டாம் என்றீர்கள். உங்களிடம் அதே பங்கு 700 இருக்கிறது. அவள் கொடுக்கப்போகும் விலையும் 32தான், நீங்கள் விற்றால் கிடைப்பதும் 32தான். அவளுக்கு ஆகாத பங்கு உங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? 64 டொலர் கொடுத்தது நீங்கள், அவள் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 64 என்ற எண் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நீங்கள், மற்றது வரி கணக்குப் பார்க்கும் சிஆர்ஏ. பெல் கம்பெனிக்கு அது தெரியாது. நாளைக்கு உங்களிடமிருந்து அதை வாங்கப்போகிறவருக்கும் தெரியாது. 64 இலிருந்து 32க்கு இறங்கியது பாதி விழுந்தது. 32 இலிருந்து 64க்குப் போக இரு மடங்காக வேண்டும். வருடத்துக்கு 7 வீதம் விடாமல் ஏறினாலும் பத்து வருடம் பிடிக்கும். "போட்ட காசு வரட்டும், விற்றுவிடுகிறேன்" என்று சொல்பவர்கள் என் மேசைக்கு முன்னால் மாதத்துக்கு ஒருவராவது வந்து உட்காருகிறார்கள். இந்த ஊரில் அதற்குப் பழைய பாடமும் உண்டு. 2000ஆம் ஆண்டு, தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த நோர்டெல் கம்பெனியின் பங்கு 124 டொலரைத் தொட்டபோது ரொறன்ரோ பங்குச் சுட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு கம்பெனிதான். 80க்கு வந்தபோது "124க்குத் திரும்பட்டும்" என்றார்கள். 40க்கு வந்தபோது "80 வந்தால் போதும்" என்றார்கள். 2002இல் அது ஒரு டொலருக்கும் கீழே போனது. 2009 ஜனவரியில் கம்பெனி கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. பெல் நோர்டெல் ஆகாது. மாதாமாதம் பில் கட்டும் வாடிக்கையாளர்கள் அதற்கு லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பவரின் மனக்கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

பங்கு வாங்கும் எல்லாரிடமும் நான் கேட்பது ஒரு கொப்பி. செல்போனில் குறிப்பு வேண்டாம், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாங்கும் அன்றைக்கு மூன்று வரி எழுத வேண்டும். ஏன் வாங்குகிறேன். என்ன நடந்தால் விற்பேன். மொத்தச் சேமிப்பில் இது எத்தனை வீதம். 2022 நவம்பரில் நீங்கள் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "பெல், 500, 64 டொலர். காரணம்: வருடா வருடம் கூடும் டிவிடெண்ட். விற்பது: செலவு போகக் கம்பெனி கையில் மிஞ்சும் காசைவிட டிவிடெண்ட் பெரிதானால், அல்லது டிவிடெண்ட் கூடாமல் நின்றால்." இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அதில் விலை இல்லை. பங்கு 64 இலிருந்து 55க்கு விழுந்தால் விற்பேன் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி எழுதுவதில்லை. விலை நல்ல கம்பெனிக்கும் விழும். வாங்கிய காரணம் செத்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கொப்பி இருந்திருந்தால் எப்போது மணி அடித்திருக்கும்? கம்பெனியின் ஆண்டறிக்கையில் இரண்டே இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலில் வந்த காசில், கேபிள் போடுவதற்கும் கோபுரம் கட்டுவதற்கும் ஆன செலவைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்று. பங்குதாரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்ட் மற்றது. 2023இல் பெல்லுக்கு மிஞ்சியது சுமார் 3.1 பில்லியன் டொலர், கொடுத்தது சுமார் 3.5 பில்லியன். 2024இல் மிஞ்சியது 2.9, கொடுத்தது 3.6. நூறு டொலர் மிச்சம் பிடித்து 125 டொலர் மொய் எழுதும் வீடு அது. மீதி எங்கிருந்து வரும்? கடனிலிருந்துதான். வட்டி கால் வீதமாக இருந்தபோது அது யாருக்கும் உறுத்தவில்லை. கனடிய மத்திய வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் வட்டியை 5 வீதத்துக்கு ஏற்றியபோது உறுத்தியது.

2024 பெப்ரவரியில், முந்தைய ஆண்டுக் கணக்கு வெளியான அன்றைக்கே பெல் 4,800 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அதே நாளில் டிவிடெண்டை வருடத்துக்கு 3.99 டொலராகக் கூட்டியது. ஆட்களை அனுப்பிவிட்டு டிவிடெண்டைக் கூட்டும் கம்பெனியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். விலை அப்போது 50 டொலரைச் சுற்றி இருந்தது. அது முதல் மணி. 2024 நவம்பரில், அமெரிக்காவில் ஸிப்ளி ஃபைபர் என்ற கம்பெனியை வாங்குவதாகச் சொன்ன கையோடு, டிவிடெண்டை இனிக் கூட்டப்போவதில்லை என்றார்கள். அது இரண்டாவது. விலை 40 அளவில். 2025 மே மாதம் 3.99 டொலரை 1.75 ஆக வெட்டினார்கள். அது மூன்றாவது. அதற்கு முன்பே விலை 30க்கு வந்திருந்தது. நீங்கள் 46 டொலருக்கு 200 வாங்கியது முதல் மணிக்கும் இரண்டாவதுக்கும் இடையில். பெயரிலேயே மணி வைத்திருக்கும் கம்பெனியில் இப்படி நடந்ததே என்று சிரிக்கலாம்தான், உங்களுக்குச் சிரிப்பு வராது.

வெட்டுவதற்கு முந்தைய நாட்களில் 30 டொலர் விலைக்கு 3.99 டிவிடெண்ட் என்றால் 13 வீதத்துக்கு மேல். வங்கியில் ஜிஐசி (வட்டி உறுதியான வைப்பு) போட்டால் 3, 4 வீதம் கிடைக்கிற காலத்தில் ஒரு தொலைபேசிக் கம்பெனி 13 தருகிறது என்றால் அது தாராளம் இல்லை. இந்த டிவிடெண்ட் நிலைக்காது என்று சந்தை உரக்கச் சொல்வது அது. டிவிடெண்டுக்காகவே பங்கு வாங்குகிறவர்கள் நம்மவர்களில் நிறைய. வாடகை வருவதுபோல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு வந்து விழுவது மனதுக்கு இதம், அதில் தப்பில்லை. ஆனால் வீதம் உயர்ந்துகொண்டே போனால் வாடகை கூடுகிறது என்று நினைக்காதீர்கள். வீட்டின் விலை விழுகிறது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் என்ன நடந்தது என்பதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் பெல்லின் போட்டிக் கம்பெனியான ரோஜர்ஸ், ஷா என்ற கம்பெனியை வாங்கியது. அதற்கு விலையாக ஷாவின் செல்போன் பிரிவான ஃபிரீடம் மொபைல், கியூபெக்கின் வீடியோட்ரோன் கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் செல்போன் பிளான்களின் விலை எப்படி இறங்கியது என்பதை உங்கள் பில்லிலேயே பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளராக நாம் சந்தோஷப்பட்ட அதே இறக்கம்தான் பங்குதாரராக நம்மை அடித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பெல்லின் ஃபைபர் இணைப்பைப் போட்டிக் கம்பெனிகளுக்கும் திறந்துவிடச் சொன்னது தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் சிஆர்டிசி. 2024இல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடிவரவுக்கும் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. விமானத்தால் இறங்கியதும் பியர்சனில் நாம் முதலில் தேடியது என்ன? சிம் கார்டு. அந்தப் புது வாடிக்கையாளர் குறைந்தார். கனடாவில் தொலைபேசி, வங்கி, எண்ணெய்க் குழாய் மூன்றும் அரசின் விதிகளோடு பின்னிப் பிணைந்தவை. விதியை மாற்றக்கூடியவர் யார், அவர் மாற்றினால் என் கம்பெனிக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் இவற்றில் எதையும் வாங்கக்கூடாது.

வைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1.75 டொலர் டிவிடெண்ட் இன்றைய விலைக்கு ஐந்தரை வீதம் அளவில் வருகிறது. இந்தத் தொகையை மிஞ்சும் காசிலிருந்தே கொடுக்க முடியும். கடனையும் குறைக்கிறார்கள். டிவிடெண்டை வெட்டிய கம்பெனி அத்தோடு முடிந்துபோவதில்லை. காப்புறுதிக் கம்பெனியான மனுலைஃப் 2009 ஓகஸ்டில், காலாண்டுக்கு 26 சதமாக இருந்ததைப் பாதியாக்கியது. மறுபடி அந்த 26 சதத்தைத் தாண்டியது 2020இல். தாண்டியதுதான், ஆனால் பதினொரு வருடம். இன்னொரு பக்கம் அல்கொன்குயின் பவர் என்ற மின்சாரக் கம்பெனி. 2023 ஜனவரியில் 40 வீதம் வெட்டினார்கள், "வெட்டு முடிந்தது, இனி ஏறும்" என்று வாங்கினவர்கள் 2024 ஓகஸ்டில் இன்னுமொரு 40 வீத வெட்டைப் பார்த்தார்கள். ஆக இன்றைக்குப் பெல் வாங்குவது முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் 2022இல் வாங்கிய கம்பெனி இது இல்லை என்கிறேன். கடனை அடைத்து, அமெரிக்காவில் ஃபைபர் போட்டு, மெதுவாக எழும்பப் பார்க்கும் வேறொரு கம்பெனி. அதற்குப் புதுக் காரணம் வேண்டும், புது வரி வேண்டும். அந்த வரியை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை என்பதற்கு மகளுக்குச் சொன்ன பதிலே சாட்சி.

என் யோசனை இது. சாதாரணக் கணக்கிலுள்ள 500ஐ விற்றுவிடுங்கள். டிஎஃப்எஸ்ஏயில் இருக்கும் 200 சொச்சத்தை, விரும்பினால், கொப்பியில் புதிதாக எழுதிவிட்டு வைத்திருங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், சாதாரணக் கணக்கில் வரும் நட்டத்துக்கு வரியில் மதிப்பு உண்டு. டிஎஃப்எஸ்ஏ நட்டத்துக்கு ஒரு சதத்துக்கும் மதிப்பில்லை. லாபத்துக்கு வரி இல்லாத கணக்கில் நட்டத்துக்குச் சலுகையும் இல்லை. அதனால்தான் ஆடிக்கொண்டிருக்கும் பங்கை டிஎஃப்எஸ்ஏக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

இப்போது ரோயல் வங்கி. லாபத்தில் இருப்பதை விற்று நட்டத்தில் இருப்பதை வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது உலகம் முழுக்க எல்லாரும் செய்கிற பிழை. நானும் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு ரயில் கம்பெனியின் பங்கை 40 வீத லாபத்தில் விற்று, அந்தக் காசில் வீட்டு பேஸ்மென்டைக் கட்டி முடித்தேன். விற்ற பிறகு அந்தப் பங்கு ஏறிய ஏற்றத்தை வைத்துப் பார்த்தால் அந்த பேஸ்மென்ட் எனக்கு என்ன விலைக்கு விழுந்தது என்பதை மனைவியிடம் இன்றைக்கும் சொல்லவில்லை. விற்றதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் "லாபம் வந்துவிட்டது" என்பது. அது காரணமே இல்லை.

2020 ஏப்ரலில் ரோயல் வங்கியை நீங்கள் வாங்கியபோது ஊரே அடைத்துக் கிடந்தது. முந்தைய வருட லாபத்தின் பத்து மடங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. காலாண்டு டிவிடெண்ட் அப்போது 1.08 டொலர், 2025 ஒக்டோபரில் 1.54. 2024 மார்ச்சில் எச்எஸ்பிசியின் கனடியப் பிரிவை 13.5 பில்லியனுக்கு வாங்கி முடித்தார்கள். நட்டம் வந்தால் தாங்குவதற்கு வங்கிகள் ஒதுக்கிவைக்க வேண்டிய மூலதனம் 11.5 வீதம் என்றால், இவர்களிடம் 13க்கு மேல் இருக்கிறது. ஆக வாங்கிய காரணம் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு வார்த்தை மட்டும்: "நான் போட்ட 85க்கு 7 வீதம் டிவிடெண்ட் வருகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள். 85 முடிந்த கதை. உங்களிடம் இன்றைக்கு இருப்பது 200 டொலர். அதற்கு வருவது 3 வீதம்தான். இன்றைய விலை லாபத்தின் 14, 15 மடங்கு. அதாவது இந்தப் பங்கு இனி மலிவாக இல்லை, ஆனால் விற்றே ஆக வேண்டிய விலையும் இல்லை.

பிறகு ஏன் விற்பதைப் பற்றிக் கதைக்க வேண்டும்? மூன்றாவது வரிக்காக. பெல் 22,400, ரோயல் 30,000, ஈடிஎஃப் 40,000. மொத்தம் 92,400இல் ரோயல் மட்டும் 32 வீதம். உங்கள் ஈடிஎஃப் ரொறன்ரோ சுட்டியைப் பின்பற்றுவது என்றால் அதற்குள்ளும் ரோயல் வங்கி இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சுட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவு வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும்தான். இதற்கு மேல் உங்கள் சம்பளமும் ஒரு வங்கியிலிருந்து வருகிறது. 2020இலும் 2021இலும் மிகக் குறைந்த வட்டியில் மோட்கேஜ் எடுத்தவர்கள் இப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே இரண்டு வீடாவது இருக்கும். அவர்களில் பலர் கட்ட முடியாமல் தடுமாறினால் வங்கிகள் வாராக்கடனுக்கு ஒதுக்கும் தொகை ஏறும், பங்கு இறங்கும், உங்கள் பிரிவில் ஆட்குறைப்பும் வரலாம். மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால்? ஒரு தனிப் பங்கு சேமிப்பில் பத்து வீதம் என்றால் எனக்குத் தூக்கம் வரும். பதினைந்து என்றால் அடிக்கடி விழிப்பு வரும். 32 என்பது, வங்கியில் வேலை செய்கிறவருக்கு, அதிகம்.

ஆகவே பாதி, 75 பங்கு விற்கலாம். மற்றப் பாதியைத் தொடாதீர்கள். "ஏறினதை முழுக்க விற்றுவிட்டேனே" என்ற வருத்தமும் வராது.

இரண்டு விற்பனையையும் ஒரே வருடத்தில் வைத்தால் வரிக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வரும். ரோயல் 75 விற்றால் லாபம் சுமார் 8,600. பெல் 500 விற்றால் நட்டம் 16,000. ஒன்றை ஒன்று கழித்த பிறகு 7,400 அளவு நட்டம் மிச்சம். அதை முந்தைய மூன்று வருடங்களில் பங்கு விற்று வரி கட்டியிருந்தால் அதற்கு எதிராகப் பின்னோக்கிக் காட்டலாம். டி1ஏ என்ற படிவம் அதற்குத்தான். அப்படி லாபம் எதுவும் இல்லையென்றால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் முன்னோக்கி எடுத்துச் செல்லலாம். வருங்காலத்தில் மீதி ரோயலை விற்கும்போது உதவும். இந்தக் கழிவு மூலதன லாபத்துக்கு மட்டும்தான், சம்பளத்துக்கு எதிராகக் காட்ட முடியாது. பெல்லை விற்காமல் ரோயல் 150ஐயும் விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? 17,250 லாபத்தில் பாதி வருமானத்தில் சேரும். 30 வீத வரி என்று வைத்தாலும் 2,600 டொலர் அளவு சிஆர்ஏக்கு. நீங்கள் கேட்ட திட்டம், நல்லதை விற்று வரியும் கட்டி, கெட்டதை வைத்திருக்கும் திட்டம்.

இங்கேதான் உங்கள் கணவரின் 300 பங்கு குறுக்கே வருகிறது. நீங்கள் நட்டத்தில் விற்கும் நாளுக்கு முப்பது நாள் முன்போ முப்பது நாள் பின்போ, நீங்களோ கணவரோ அதே பங்கை வாங்கி, அந்த முப்பது நாள் முடிவில் இன்னும் வைத்திருந்தால், அந்த அளவு நட்டத்தை சிஆர்ஏ ஏற்காது. எந்தக் கணக்கில் வாங்கினாலும் சரி. அவர் 300 வாங்கினால் உங்கள் 500இல் 300 பங்கின் நட்டம், அதாவது 9,600 டொலர், கழிவுக்கு வராமல் நின்றுவிடும். அவருடைய சாதாரணக் கணக்கில் வாங்கியிருந்தால் அந்த நட்டம் அவருடைய கொள்முதல் விலையோடு சேர்ந்து என்றைக்காவது பயன்படும். டிஎஃப்எஸ்ஏயிலோ, ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பியிலோ வாங்கியிருந்தால் ஒரேயடியாகப் போய்விடும். ஒரே மேசையில் சாப்பிடுகிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இதைச் செய்து, ஏப்ரலில் கணக்காளர் முன் முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

டிஎஃப்எஸ்ஏயில் தானாகப் பங்கு வாங்கும் ஏற்பாடும் இதே விதியில் மாட்டும். பெல் டிவிடெண்ட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் 15ஆம் திகதிகளில் வருகிறது. இந்த ஒக்டோபரில் உங்களுக்கு இரண்டு பங்கு சேர்ந்திருக்கும். இரண்டு பங்குக்கு 64 டொலர் நட்டம்தான் போகும், உயிர் போகாது. ஆனால் படிவம் நிரப்பும்போது தலையிடி. தரகு நிறுவனத்துக்குப் போன் செய்து அந்த ஏற்பாட்டை இந்த வாரமே நிறுத்துங்கள். பெல்லை நவம்பர் மூன்றாம் வாரம் கடந்த பிறகு விற்றால் ஒக்டோபரில் வாங்கியது முப்பது நாளுக்கு வெளியே போய்விடும். டிசம்பர் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். விற்ற மறுநாள்தான் கணக்கு முடியும், 31ஆம் திகதி விற்றது அடுத்த வருடத்தில் விழும்.

சராசரியை இறக்குவது பற்றி உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: பெல் பங்கே வீட்டில் இல்லையென்றால் இன்றைக்கு 9,600 டொலருக்கு அதை வாங்குவாரா? ஆம் என்று சொல்லி, ஆண்டறிக்கையை வாசித்துக் காரணமும் எழுதிக் காட்டினால், நீங்கள் விற்று முப்பது நாளுக்குப் பிறகு தாராளமாக வாங்கட்டும். அது சராசரிக்காக வாங்குவது இல்லை, புதிதாக வாங்குவது. சராசரி இறங்குவதால் நட்டம் இறங்குவதில்லை. அதே கம்பெனியில் போட்ட காசுதான் கூடுகிறது. வேறு தொலைபேசிக் கம்பெனி வாங்குவதென்றால் முப்பது நாள் விதி தடுக்காது. ஆனால் மிஞ்சும் காசு எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு என்ற இரண்டு எண்களை அதனிடமும் கேட்க வேண்டும். கம்பெனி அறிக்கைகள் எல்லாம் செடார் பிளஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன.

தங்கச் சுரங்கம். 1990களில் பிரெ-எக்ஸ் என்ற கல்கரிக் கம்பெனி இந்தோனேசியாவில் தங்கம் கிடைத்ததாகச் சொன்னது. பாறை மாதிரிகளில் யாரோ தங்கத்தைத் தூவியிருந்தார்கள். 1997இல் குட்டு உடைந்து 6 பில்லியன் டொலர் மதிப்பு காற்றில் போனது. அதன்பின் விதிகள் இறுகியிருக்கின்றன, சிநேகிதர் சொல்கிற கம்பெனி நேர்மையானதாகவே இருக்கலாம். என்றாலும் தோண்டிப் பார்க்கும் கம்பெனிக்கு வருமானம் கிடையாது. காசு தீரும்போதெல்லாம் புதுப் பங்கு அச்சடித்து விற்கும், உங்கள் பங்கின் அளவு ஒவ்வொரு முறையும் சுருங்கும். கையில் எத்தனை மாதக் காசு இருக்கிறது, மூன்று வருடத்தில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று சிநேகிதரிடம் கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் அவரோடு தேநீர் மட்டும் குடியுங்கள்.

விற்று வரும் காசு: பெல் 16,000, ரோயல் 15,000. கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கூரை என்று மூன்று வருடத்துக்குள் தேவைப்படுவது எதுவும் இருந்தால் அந்த அளவை ஜிஐசியில் போடுங்கள், பங்குச் சந்தையில் வேண்டாம். மிச்சத்தை உங்கள் ஈடிஎஃப்பில் சேர்க்கலாம். அது கனடாவை மட்டும் பின்பற்றுவது என்றால் உலகம் முழுக்கப் பரந்த ஒன்றைப் பாருங்கள். கனடா முழுவதும் சேர்ந்து உலகப் பங்குச் சந்தையில் மூன்று வீதம் அளவுதான், நம் கணக்குகளிலோ எப்போதும் நூறு வீதம்.

மகள் கேட்ட கேள்விக்கு "வேண்டாம்" என்பதோடு நிறுத்தியிருந்தால் அது பாதிப் பதில். 22 வயதென்றால், 18 வயதிலிருந்து கனடாவில் இருந்தவர் என்றால், 2025 வரை அவளுக்கு 32,500 டொலர் டிஎஃப்எஸ்ஏ இடம் சேர்ந்து கிடக்கிறது. சம்பளத்தில் மாதம் ஒரு தொகையை ஈடிஎஃப்புக்குப் போகும்படி செய்துவிட்டு, தனிப் பங்குதான் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டால் பத்தில் ஒரு பங்கோடு பழகட்டும். போகிற வழியில் டொலர் கடையில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். இரண்டாக வாங்குங்கள், உங்களுக்கும் ஒன்று வேண்டும்.